பழைய மோட்டார் சைக்கிளும் என் கணக்குக் கொப்பியும்

வீட்டுக்கு ஒரு பழைய சாமான் வாங்கும்போது நம்மிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் காசுதான், கருத்து அல்ல. தையல் மெசின், பிரிஜ் என்றால் பரவாயில்லை, "நீயும் ஒருக்கா வந்து பாரு" என்று கூட்டிச் செல்வார்கள். மோட்டார் சைக்கிள் என்று வந்துவிட்டால் அது முழுக்க ஆண்களின் விடயம். நம் கையிலுள்ள காப்புக்கு மட்டும் அதில் இடமுண்டு.

நான் எஞ்சின் படித்தவள் அல்ல. பள்ளிக்கூடத்தில் க.பொ.த. சாதாரண தரம் வரை படித்து, அதன் பிறகு வீட்டுக் கணக்கு எழுதியே காலத்தைக் கழித்தவள். ஆனாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்த பின் மூன்று மாதத்தில் நான் அறிந்துகொண்டவற்றை நாலு சகோதரிகள் வாசித்தால் பயன்படும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன ஊர். என் கணவர் தறிக்காரர்களிடம் சாரனும் படுக்கை விரிப்பும் எடுத்து, சம்மாந்துறை, அம்பாறைப் பக்கக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். பல வருடங்கள் பஸ்ஸிலேயே மூட்டையோடு போய்வந்தார். மூட்டையைக் கண்டால் சில பஸ்கள் நிற்காமலே போய்விடும். ஓட்டோ பிடித்தால் அன்றைய இலாபம் ஓட்டோவுக்கே சரி. சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால் காலையில் போய் லுஹருக்கு வீடு திரும்பலாம் என்பது அவருடைய நெடுநாள் கனவு.

அந்தக் கனவு கைகூட இருந்த நேரத்தில்தான் காலம் மாறியது. 2020 மார்ச்சில் நாட்டுக்கு வாகனம் இறக்குவது நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் ஓடித் தேய்ந்த மோட்டார் சைக்கிளும் பொன் விலை சொன்னது. ஒரு காலத்தில் முழுதாகப் புதியது வாங்கப் போதுமாக இருந்த காசுக்குப் பத்து வருடம் ஓடியதுதான் கிடைத்தது. 2023 நவம்பரில் என் இரண்டு காப்புகளை விற்று, சீட்டுக் காசையும் சேர்த்து, 320,000 ரூபாவுக்கு ஒரு நூறு சீசீ மோட்டார் சைக்கிளை வாங்கினோம்.

விற்றவர் அந்நியர் அல்ல. என் மதினியின் கணவர், அதாவது என் கணவரின் மூத்த சகோதரியை முடித்தவர். நான் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன். அவர் கல்முனையில் கடை வைத்திருக்கிறார். வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிவாசலுக்கும் போய்வருவதற்கே அதைப் பாவித்தார். தாங்கிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார். "மச்சான், இது ஒரு நாளும் என்னை நடுவழியில விட்டதில்ல" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

முதல் வாரத்திலேயே சில்லறைக் குறைகள் தலைகாட்டின. செயின் தளர்ந்து பாதையில் போகும்போது 'கடகட' என்று அடித்தது. பின் பிரேக் அரை மிதியில் பிடிக்கவில்லை. காலையில் முதல் உதையில் ஸ்டார்ட் ஆகாது. பழைய வாகனத்தில் இவை வழமையானவை. செயினை இறுக்கி, பிரேக் சூவை மாற்றி, பிளக்கைப் புதிதாகப் போட்டதும் அவை தீர்ந்தன. அன்றே நான் மூத்த மகளின் பாதி எழுதிய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். திகதி, என்ன பழுது, யார் பார்த்தது, எவ்வளவு கொடுத்தது, மீற்றரில் எத்தனை கிலோமீட்டர் என்று ஐந்து கூறு. செலவுக் கணக்கு வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதினேன். அந்தக் கொப்பி வேறொரு வேலைக்கும் உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

பெரிய வருத்தம் மூன்றாவது வாரத்தில் வந்தது. அம்பாறைக்குச் சரக்கோடு போனவர், சம்மாந்துறை தாண்டி வயல்வெளி நடுவில் நின்றுபோனார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இரண்டு தரம் இருமி, மூச்சுவிட முடியாதவர் போல் அடங்கிவிட்டதாம். தாங்கியைத் திறந்து பார்த்தார். பெற்றோல் நிறைய இருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு உதைத்தார்; ஸ்டார்ட் ஆனது. "பிளக்தான் புள்ள, வேறொண்டுமில்ல" என்று இரவு வந்து சொன்னார்.

அடுத்த நாளும் நின்றது. அதற்கடுத்த நாள் நிற்கவில்லை. மறுகா நின்றது. ஒரு கராஜில் "கொயில் சூடாகி அடங்குது" என்று கொயிலை மாற்றினார்கள். மாற்றிய அன்று நன்றாக ஓடியது. நாலாம் நாள் நின்றது. இன்னொரு கராஜில் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாவது கராஜில் மின் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிறு பெட்டியையே மாற்றச் சொன்னார்கள். அதையும் மாற்றினோம். விந்தை என்னவென்றால், கராஜ் வாசலில் அது ஒரு நாளும் நிற்காது. வைத்தியரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகும் பிள்ளையைப் போல அங்கே போனதும் நன்றாக ஓடும். கொப்பியின்படி ஆறு வாரத்தில் 28,400 ரூபா செலவாகியிருந்தது. குறை இருந்த இடத்திலேயே இருந்தது.

காசு போவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மாரிகாலம், பிந்திப் போனால் மழையும் இருளும். வயலோரத்தில் யானை நடமாட்டமும் உண்டு. அஸர் தாண்டி அவர் வீடு வராத நாட்களில் படலையடியில் நின்று வழி பார்ப்பேன். சொன்ன நாளில் சரக்கு வராததால் ஒரு கடைக்காரர் வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். நல்ல சுபாவமுள்ள மனிதர், வீட்டில் பிள்ளைகளோடு சீறி விழுந்தார்.

அதைவிடப் பெரிய வருத்தம் குடும்பத்துக்குள் புகுந்தது. "தெரிஞ்சுதான் தலையில கட்டி இருக்கார். ரோட்டில நிக்கிற சாமானுக்கு பெயின்ட் அடிச்சிக் காட்டி இருக்கார்" என்று என் கணவர் சொல்லத் தொடங்கினார். அந்தச் சொல் மதினியின் காதுக்குப் போனது. மதினி மாமியிடம் வந்து அழுதா. மாமி மகனுக்கும் சொல்ல முடியாமல், மகளுக்கும் சொல்ல முடியாமல் சோற்றை ஒதுக்கிவைத்தா. 2024 ஜனவரி கடைசியில் மதினியின் இளைய மகளுக்குக் கல்யாணம் குறித்திருந்தது. தாய்மாமன் முன்னின்று நடத்தவேண்டிய கல்யாணம். "நான் அந்த வாசல்ல மிதிக்க மாட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டார். ஒரு மோட்டார் சைக்கிளுக்காக ஒரு குமரின் கல்யாண வீடு இருண்டுவிடுமோ என்று நான் பயந்தேன்.

இதற்கிடையில் வாகனம் வாங்கி விற்கும் ஒருவர் வீடு தேடி வந்தார். பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். மூன்று இலட்சம் தருவதாகச் சொன்னார். அவர் தனக்கு வாங்கவில்லை, யாரோ ஓர் இளைஞனுக்குக் கைமாற்றவே வாங்குகிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "நிண்டு போற கதையெல்லாம் வெளியில சொல்லத் தேவல்ல. அவன்ட நசீபு" என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். என் கணவர் யோசித்தார். இருபதினாயிரம் நட்டத்தோடு இந்தத் தலையிடி போகுமே என்று நினைத்திருப்பார். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

அந்த ஆள் போனபின் நான் கேட்டேன்: "இஞ்சாருங்க, நீங்க மச்சானோட கோபிக்கிறது அவர் குறையைச் சொல்லாம வித்தார் எண்டுதானே? நாளைக்கு நாமளும் சொல்லாம வித்தா அந்தப் பொடியன் யாரோட கோபிக்கிறது?"

அவர் பதில் சொல்லவில்லை. பொருளின் குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஆகுமானதல்ல என்பதும், விற்கும்போதே மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பதும் மத்ரஸாவில் ஓதியவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிறிது நேரம் இருந்துவிட்டு, "அப்ப என்ன செய்யச் சொல்றாய்?" என்றார். "முதல்ல வருத்தம் என்னண்டு பார்ப்போம். மறுகா மச்சானோட கோபிக்கிறதா, விக்கிறதா எண்டு யோசிப்போம்" என்றேன்.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கியபின் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு அவரிடம் ஒவ்வொரு நாளாகக் கேட்டேன். எங்கே நின்றது? அன்று காலையில் தாங்கியில் பெற்றோல் எவ்வளவு? நின்றதும் முதலில் என்ன செய்தீர்கள்? எவ்வளவு நேரத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது? பெற்றோல் அடித்த கணக்கு ஏற்கனவே என் கொப்பியில் இருந்தது. அவர் சொன்னவற்றைப் பக்கத்தில் எழுதினேன். எழுதி முடிந்ததும் மூன்று விடயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது: தாங்கியை நிரப்பிய நாட்களில் எட்டு, பத்துக் கிலோமீட்டரிலேயே நின்றிருக்கிறது. பாதித் தாங்கி இருந்த நாட்களில் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் நின்றிருக்கிறது. அடியில் ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் இருந்த நாட்களில் நிற்கவே இல்லை. பெற்றோல் குறைந்தால் நிற்கும் வாகனம் கேள்விப்பட்டிருக்கிறோம். நிறைந்தால் நிற்கும் வாகனம் உண்டா?

இரண்டாவது: நின்ற ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் செய்தது தாங்கி மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்ததுதான். பிளக்கைக் கழற்றித் துடைத்தது அதன் பிறகு. உடனே ஸ்டார்ட் ஆகிவிடும். பேர் பிளக்குக்குப் போய்விடும்.

மூன்றாவது: ஒரே ஒரு நாள் பெரிய மழையில் நின்றபோது, தண்ணீர் உள்ளே போய்விடும் என்று மூடியை அவர் திறக்கவில்லை. அன்றும் பிளக்கைத் துடைத்தார். ஆனால் அன்று மட்டும் அரை மணித்தியாலம் உதைத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை.

"எஞ்சினுக்கு ஒண்டுமில்ல போல. அந்த மூடியில என்னமோ இருக்கு" என்றேன். அவர் சிரித்தார்; ஆனால் கொப்பியை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

சம்மாந்துறையில் பழைய காலத்து பாஸ் ஒருவர் இருக்கிறார். கண் பார்வை குறைந்ததால் வேலை குறைத்துக்கொண்டவர். அவரிடம் போவதென்று முடிவு செய்தோம். நோயாளியை நோயோடு கொண்டுபோனால்தானே வைத்தியருக்கு விளங்கும்? ஆகவே வேண்டுமென்றே கல்முனையில் தாங்கி நிறையப் பெற்றோல் அடித்துக்கொண்டு, நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். நினைத்தது போலவே சம்மாந்துறை எல்லையில் இருமி அடங்கியது. அவர் கை பழக்கத்தில் மூடிக்குப் போனது. "தொட வேணாம்" என்று தடுத்தேன். இருவருமாகத் தள்ளிக்கொண்டே கராஜுக்குப் போனோம்.

பாஸ் கொப்பியை வாங்கவில்லை. எழுத்துத் தெரியாது, வாசியுங்கள் என்றார். நான் வாசித்தேன். இரண்டாவது விடயம் முடிவதற்குள் எழுந்து வந்து, காதைத் தாங்கியில் வைத்துக்கொண்டு, மூடியை மெதுவாகத் திருகினார். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் எங்களுக்கும் கேட்டது. "இப்ப உதைங்க தம்பி" என்றார். முதல் உதையில் ஸ்டார்ட் ஆனது.

பின்னர் அவர் சொன்ன விளக்கம் சமையலறைக்காரருக்கு உடனே விளங்கக்கூடியது. டின்பாலைத் திறக்கும்போது நாம் ஒரு துளை மட்டும் போடுவதில்லை. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளையும் போடுகிறோம். ஒரு துளையால் பால் வெளியே வர, மற்றத் துளையால் காற்று உள்ளே போகவேண்டும். காற்றுப் போகாவிட்டால் பால் கொஞ்சம் வந்து நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் தாங்கியும் அப்படித்தான். பெற்றோல் கீழே காபரேட்டருக்குத் தன் பாரத்தால் இறங்குகிறது. அது இறங்கிய இடத்தை நிரப்பக் காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவான ஒரு வழி விட்டிருப்பார்கள். அது அடைபட்டால் தாங்கிக்குள் காற்றழுத்தம் குறைந்து, பெற்றோலை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் பெற்றோல் இல்லாமல் அடங்கும். மூடியைத் திறந்தால் காற்றுப் புகுந்து சரியாகிவிடும். திறக்காமல் விட்டாலும் இண்டு இடுக்கால் காற்று மெல்ல மெல்லப் போய் நெடுநேரத்தின் பின் ஸ்டார்ட் ஆகும்.

நிறைந்த தாங்கியில் ஏன் சீக்கிரம் நின்றது என்பதற்கும் விடை கிடைத்தது. நிறைந்த தாங்கியில் பெற்றோலுக்கு மேலே இருக்கும் காற்று சொற்பம். கொஞ்சப் பெற்றோல் இறங்கினாலே அந்தச் சொற்பக் காற்று இழுபட்டு மெலிந்துவிடும். பாதித் தாங்கியில் காற்று அதிகம். அது மெலிய நேரம் எடுக்கும். கராஜ்களில் ஏன் பிடிபடவில்லை என்பதும் விளங்கியது. எல்லோரும் முதலில் மூடியைத் திறந்து பெற்றோலைத்தான் பார்ப்பார்கள். திறந்த கையோடு நோய் பறந்துவிடும்.

பாஸ் மூடியைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். தாங்கிக்குப் பெயின்ட் அடித்தவர்கள் மூடியையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். அந்தச் சிறு வழியில் பெயின்ட் வழிந்து கட்டிபட்டுப் போயிருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதிப் பார்த்தார். பத்து நிமிட வேலை. எவ்வளவு என்று கேட்டதற்கு, தேத்தண்ணிக்குக் காசு தாருங்கள் என்றார். நாங்கள் ஐந்நூறு ரூபா கொடுத்தோம். 28,400 ரூபாவில் தீராத வருத்தம் அப்படித் தீர்ந்தது.

திரும்பி வரும் வழியில் என் கணவர் பேசவில்லை. காரைதீவுச் சந்திக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "மச்சானுக்கு இது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

நான் அதை யோசித்துக்கொண்டுதான் வந்தேன். காக்கா தாங்கிக்குப் பெயின்ட் அடித்தது 2022 நடுப்பகுதியில். அது என்ன காலம் என்று நினைவிருக்கும். பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நின்ற காலம். லீற்றர் 470 ரூபா வரை ஏறிய காலம். அந்த வருடம் ஆகஸ்ட்டில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். பின்னர் அளவைக் கூட்டினார்கள். 2023 செப்டெம்பரில் அந்தக் கட்டுப்பாட்டையே நீக்கினார்கள். ஆனால் பழகிய கை மாறவில்லை. அதன் பிறகும் காக்கா இரண்டு லீற்றர், மூன்று லீற்றர் என்றுதான் அடித்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெயின்ட் அடித்த பின் அந்தத் தாங்கி ஒரு நாளும் நிறைந்ததில்லை. அவர் ஓடியதோ வீட்டுக்கும் கடைக்கும் இடையில் மூன்று கிலோமீட்டர். அவருக்கு அது எப்படி நிற்கும்? "ஒரு நாளும் நடுவழியில விட்டதில்ல" என்று அவர் சொன்னது உண்மை.

இதைச் சொன்னதும் என் கணவர் வண்டியை வீட்டுக்குத் திருப்பவில்லை. நேரே மதினி வீட்டுக்கு விட்டார். வாசலில் மூடியைக் கழற்றிக் காக்காவின் கையில் கொடுத்து, "இதுதான் மச்சான் வருத்தம். நான் உங்களைப் பிழையாப் பேசிட்டேன்" என்றார். மதினி உள்ளேயிருந்து ஓடிவந்தா. மாமியும் அங்கேதான் இருந்தா.

காக்கா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார். பிறகு அவராகவே சொன்னார்: "இது எனக்குத் தெரியாது மச்சான். ஆனா ஒயில் குறையிறது தெரியும். காலையில சைலன்சரால நீலப் புகை வாறதும் தெரியும். நீங்க கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

அது நாங்கள் இன்னும் கவனியாமலிருந்த குறை. பிஸ்டனின் ரிங் தேய்ந்தால் எஞ்சின் ஒயில் கசிந்து எரிந்து நீலப் புகையாக வரும். பின்னர் பார்த்தபோது ஐந்நூறு கிலோமீட்டருக்குள் கால் லீற்றர் ஒயில் குறைந்திருந்தது. ரிங் மாற்ற 19,000 ரூபா போனது. பாதியைக் காக்கா தந்தார். வேண்டாம் என்று இவர் மறுத்தும், "அது நான் சொல்லியிருக்க வேண்டிய குறை" என்று கையில் திணித்தார். கல்யாணத்தில் தாய்மாமன் முன்னின்றார். பந்தற்காரனிடம் போனதும், பிரியாணிக்கு இறைச்சி ஏற்றி வந்ததும் அதே மோட்டார் சைக்கிள்தான்.

சகோதரிகளே, இந்த அனுபவத்திலிருந்து நான் விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மோட்டார் சைக்கிள் வாங்க உங்கள் வீட்டு ஆண்கள் புறப்பட்டால் இவற்றை ஞாபகப்படுத்துங்கள்.

விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்காத வண்டியைப் பாருங்கள். எஞ்சினில் கை வைத்தால் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை உதைக்கும்போதுதான் அதன் உண்மைக் குணம் தெரியும். சைலன்சர் புகையைக் கவனியுங்கள். காலையில் சற்றுநேரம் வெள்ளை ஆவி வருவது ஈரத்தால். அது தானே மறையும். கரும்புகை என்றால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சி எரிகிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, செலவு பெரிது.

பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் முனை இளங்கபில நிறமாக இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. கரி படிந்திருந்தாலும், ஒயில் பிசுபிசுத்தாலும் ஏன் என்று கேளுங்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த டயர். மேலே கறுப்புப் பூச்சுப் பூசிப் புதிது போல் காட்டினாலும் அந்த இலக்கம் பொய் சொல்லாது.

சந்தியைச் சுற்றி ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் நாளாந்தம் ஓடப்போகும் தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் ஓட்டிப் பாருங்கள். மூன்று கிலோமீட்டரில் தெரியாத குறை முப்பது கிலோமீட்டரில் தெரியும். எங்கள் கதையே அதற்குச் சாட்சி.

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். வண்டி லீசிங்கில் எடுத்ததாயின், முழு உரிமையாளர் என்று நிதிக் கம்பனியின் பெயர் அதில் இருக்கும். அது நீங்காமல் காசு கொடுக்கவே கூடாது. பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட வெறும் படிவத்தோடு வாங்கிவைக்கும் பழக்கமும் நம் பகுதியில் உண்டு. நாளை ஒரு விபத்து நடந்தால் யார் உரிமையாளர் என்ற கேள்வி வரும். சொந்தக்காரர்தானே என்று அதை ஒத்திப்போடாதீர்கள். வருடாந்த வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றின் திகதிகளையும் பாருங்கள்.

விற்பவரிடம் "நல்லதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஓம் என்பார்கள். "கடைசியாக என்ன மாற்றினீர்கள்? எத்தனை நாளைக்கொருமுறை ஒயில் விடுகிறீர்கள்? ஒரு கிழமைக்கு எவ்வளவு பெற்றோல் அடிக்கிறீர்கள்? எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். நல்ல மனிதர்களும் கேட்காததைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கிய அன்றே ஒரு கொப்பி போடுங்கள். பழுது வந்தால் உடனே பாகம் மாற்ற ஓடாமல், எப்போது வருகிறது, எப்போது வரவில்லை, வந்ததும் என்ன செய்தோம் என்று எழுதுங்கள். கராஜ்காரர் பார்ப்பது ஒரு நாள் ஓட்டத்தைத்தான். எல்லா நாட்களையும் பார்ப்பவர்கள் வீட்டிலுள்ளவர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றவும் விடாதீர்கள். எதனால் குணமானது என்று தெரியாமல் போய்விடும். மனிதர் மீது குற்றம் சுமத்துவதையும் பழுது பிடிபடும் வரை தள்ளிவையுங்கள். கொயிலைத் தேவையில்லாமல் மாற்றினால் போவது காசு. உறவை அப்படி மாற்ற முடியுமா?

எங்கள் மோட்டார் சைக்கிள் அதன்பின் ஒழுங்காக ஓடுகிறது. ஒயில் ஈராயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, செயின் மாதம் இருமுறை என்று நானே திகதி பார்த்துச் சொல்கிறேன். என்றாவது ஒரு நாள் விற்கத்தான் வேண்டும். அப்போது சாவியோடு அந்தக் கொப்பியையும் கொடுப்பதென்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம். அதை வாசித்துவிட்டு வாங்குகிறவர் வாங்கட்டும். விலை கொஞ்சம் குறையலாம். ஆனால் வாங்கியவரின் மனைவி மாரிகாலத்தில் படலையடியில் நின்று எங்களைப் பற்றி ஒரு கெட்ட சொல் சொல்லும்படி ஆகாது, இன்ஷா அல்லாஹ்.